காட்டப்படும் கரையும் காட்டப்படாத மக்களும்

சோளகம் ஓய்ந்து கடல் தணிந்ததும் கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு புதிய பருவம் தொடங்கிவிடுகிறது. வெங்காயப் பருவம், மிளகாய்ப் பருவம், கரைவலைப் பருவம் என்று ஆண்டைக் கணக்கிட்டு வந்த எமது மக்கள், இன்று நவம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களை உல்லாசப் பயணிகள் வரும் பருவம் என்றும் எண்ணப் பழகிவிட்டார்கள். "காலையில் கடல், மாலையில் காடு" என்ற ஒருநாள் சுற்றுலா இங்கு விற்பனையாகிறது. விடியற்காலையில் வள்ளத்தில் ஏறி ஓங்கில்களைப் பார்ப்பது, பின்னர் முருகைக்கற்பாறைகளின் மேல் மிதந்து மீன்களைப் பார்ப்பது, பிற்பகலில் ஜீப் வண்டியில் வில்பத்துக் காட்டுக்குள் செல்வது என்பதே அதன் ஒழுங்கு. எல்லா இடத்துக்கும் வழிகாட்டி ஒருவர் கூடவே வருகிறார்.

இந்தத் தொழிலை ஒரேயடியாக எதிர்ப்பவர்களும் எம்மிடையே உண்டு. இதுவே எமக்கு வந்த விடிவு என்று கைதட்டுபவர்களும் உண்டு. இவ்விரண்டு பக்கமும் நாம் நிற்கவில்லை. எமது கேள்வி வேறு. வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டும் காட்சியில் எமது மக்கள் இருக்கிறார்களா? இல்லையென்றால், அதனால் எமக்கு வரக்கூடிய கேடு என்ன? காணியை ஒருமுறை இழந்த குடும்பங்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது என்பது எமது உறுதியான எண்ணம்.

கடலில் கண்டவை

கடந்த பருவத்தில் ஒரு நாள், எமது இளைஞர் குழுவினர் சிலரோடு நாமும் கட்டணம் செலுத்தி இந்தச் சுற்றில் சேர்ந்துகொண்டோம். எமது பிள்ளைகள் வேலை தேடிச் செல்லும் ஒரு தொழிலை உள்ளிருந்து பார்க்க வேண்டும் என்பதே நோக்கம்.

கடலில் கண்டவை அழகானவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கூட்டம் கூட்டமாக எழுந்து சுழன்று விழும் ஓங்கில்களைக் கண்டு எம்முடன் வந்த பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தார்கள். அதன்பின் முகத்தில் கண்ணாடி அணிந்து, வாயில் சுவாசக் குழாயைக் கடித்துக்கொண்டு நீரின் மேல் குப்புற மிதந்து கீழே பார்க்கும் விளையாட்டு. இதை 'ஸ்னோர்க்கலிங்' என்கிறார்கள். நீந்தத் தெரியாதவருக்கும் மிதப்புச் சட்டை கொடுக்கிறார்கள். கிளிமீனும் வண்ணாத்தி மீனும் கல்லுக்குக் கல் தாவி மேய்வதை எமது மீனவரின் பிள்ளைகளே அன்றுதான் முதன்முறையாகக் கண்ணால் கண்டார்கள். வலையில் செத்துக் கிடக்கும் மீனை மட்டுமே அறிந்த கண்களுக்கு அது பெரிய பாடம்.

இந்த இடம் 'பார் றீஃப்' கடல் சரணாலயம். 1992ஆம் ஆண்டு பிரகடனப்படுத்தப்பட்டது. பரப்பளவு 300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். முருகைக்கல் என்பது கல் அல்ல, உயிர். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து கட்டும் வீடு அது. பாறைபோல் திரளும் இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்கின்றன. ஒருவர் கால் ஊன்றி நிற்பதாலும், வள்ளக்காரர் நங்கூரத்தை எறிவதாலும் ஒரு நொடியில் உடைவது, எமது பேரப்பிள்ளைகளின் காலத்திலும் திரும்ப வளர்ந்திருக்காது. 1998இல் கடல்நீர் அளவுமீறிச் சூடேறியபோது இங்கு ஆழங்குறைந்த பகுதிகளில் இருந்த முருகைக்கற்களில் பெரும்பங்கு வெளுத்து மடிந்தது. மெல்ல மெல்லத் தேறிவந்த பாறைகள் 2016இல் மீண்டும் அதே அடியை வாங்கின. இந்தப் பாறைகள் மீன்கள் முட்டையிடும் இடம், குஞ்சுகள் வளரும் இடம். கரைக்கு வரும் அலையின் வேகத்தைத் தணிக்கும் அணையும் இவையே. பார் செத்தால் உல்லாசப் பயணி வேறு தீவுக்குப் போய்விடுவார். கரைவலை இழுப்பவர் எங்கே போவார்?

காட்டில் காட்டப்படாதவை

பிற்பகலில் புத்தளம் நகரைக் கடந்து எலுவன்குளம் வாயிலால் வில்பத்துக்குள் நுழைந்தோம். செம்மண்ணும் மணலும் மாறி மாறி வரும் பாதையில் ஜீப் குலுங்கிக் குலுங்கிச் சென்றது. வில்லுகள் எனப்படும் இயற்கை நீர்நிலைகளின் ஓரத்தில் மான்கள் நின்றன. சிறுத்தையின் காலடி காட்டப்பட்டது. சிறுத்தையைக் காணும் பேறு எமக்குக் கிட்டவில்லை. வழிகாட்டி நல்ல அறிவாளி. பறவைகளின் பெயர்களை மூன்று மொழிகளில் சொன்னார். வில்பத்து 1938இல் தேசிய வனமாக்கப்பட்டது, 1988இல் போரினால் மூடப்பட்டு 2003இல் திறக்கப்பட்டது, 2006இல் மீண்டும் மூடப்பட்டு 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது என்ற வரலாற்றையும் பிழையின்றிச் சொன்னார். "மனிதக் கால்படாத காடு" என்று முடித்தார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நாம் நின்றுவிட்டோம்.

இந்தக் காட்டின் நடுவே பள்ளக்கண்டல் அந்தோனியார் ஆலயம் இருக்கிறது. கடற்கரையில் பூக்குளம் என்னும் மீனவர் கிராமம் இருக்கிறது. அல்லிராணியின் கதையைச் சுமந்து நிற்கும் குதிரைமலை இருக்கிறது. எலுவன்குளத்திலிருந்து மரிச்சுக்கட்டி, சிலாபத்துறை வழியாக மன்னாருக்குச் செல்லும் பழைய பாதை இதனூடாகவே போகிறது. காட்டின் வட எல்லையைத் தாண்டினால் முள்ளிக்குளம், மரிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி என்று முசலிப் பிரதேசத்தின் ஊர்கள். வயல் உழுதும், மாடு கட்டியும், தேன் எடுத்தும், கடலில் இறங்கியும் வாழ்ந்த மக்களின் ஊர்கள் அவை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் சில மணி நேரத்தில் அல்லது சில நாட்களில் வீடு, வயல், மாடு, நகை எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டார்கள். மன்னார்த் தீவைச் சேர்ந்தவர்கள் வள்ளங்களில் ஏற்றப்பட்டு இதே கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். அன்று அவர்களுக்கு உணவும் நிழலும் தந்தவர்கள் இந்தக் கரையின் மக்கள். அகதி முகாம்கள் எழுந்த ஆலங்குடாவில்தான் இன்று உல்லாசப் பயணிகளின் கடலோரக் குடில்களும் இருக்கின்றன. 2007 செப்ரெம்பரில் முள்ளிக்குளத்தின் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் படையினரால் வெளியேற்றப்பட்டன. அங்கே கடற்படை முகாம் அமைந்தது. நெடிய போராட்டத்துக்குப் பின்னர் 2017 ஏப்ரலில் 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்துக்காகக் காணி விட்டு எழும்பிய விவசாயக் குடும்பங்களும் இந்த மாவட்டத்தில் உள்ளன. அந்த நிலையம் 2011இல் இயங்கத் தொடங்கியது.

இவை எதுவும் சுற்றுலாவில் சொல்லப்படுவதில்லை. பணம் கொடுத்து மகிழ்ச்சி தேடி வருபவரிடம் துயரக் கதை சொல்ல வேண்டுமா என்று கேட்கலாம். துயரத்தைச் சொல்லச் சொல்லி நாம் கேட்கவில்லை. மனிதர் இங்கே இருந்தார்கள், இருக்கிறார்கள் என்பதைச் சொன்னால் போதும்.

வெறுங்காணி என்ற பொய்

இதில் என்ன பெரிய விடயம் இருக்கிறது, ஒரு வழிகாட்டியின் பேச்சுத்தானே என்று எவரும் எண்ண வேண்டாம். ஆளில்லாத இடம் என்று முதலில் பேசப்படும். பிறகு ஆளில்லாத இடம் என்று வரைபடத்தில் குறிக்கப்படும். அதன்பின் அந்த வரைபடத்தின் மேல் ஒப்பமிடப்படும். இடம்பெயர்ந்தோர் அனைவரும் பட்டறிந்த பாடம் இது.

மரிச்சுக்கட்டியைப் பாருங்கள். மக்கள் வெளியேறிய பின்னர் இருபது ஆண்டுகளில் வயலும் வளவும் காடாயின. 2012இல் அப்பகுதியில் வன ஒதுக்கம் அறிவிக்கப்பட்டது. மக்கள் திரும்பி வந்து துப்புரவு செய்தபோது, 2015இல் "வில்பத்தை அழிக்கிறார்கள்" என்ற பெருங்கூச்சல் நாடெங்கும் எழுந்தது. 2017 மார்ச்சில் ஏறத்தாழ 40,000 ஹெக்டெயர் நிலம் மாவில்லு பேணற்காடு என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு வனப் பகுதியில் காடு வெட்டிக் குடியேற்றியது சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. மழை இல்லாமல் உழவன் இல்லை. காடு இல்லாமல் மழை இல்லை. ஆனால் எது பழைய காடு, எது துரத்தப்பட்டவர்களின் வயலில் முளைத்த காடு என்பதை மரத்தைப் பார்த்து மட்டும் தீர்மானிக்க முடியாது. ஊரின் நினைவையும் கேட்க வேண்டும். அந்த நினைவு எங்கும் எழுதப்படாமலும் சொல்லப்படாமலும் இருந்ததுதான் எமது பலவீனம்.

கடற்பக்கத்திலும் இதே கதைதான். கற்பிட்டிக் களப்பின் 14 தீவுகளையும் ஏறத்தாழ 4,000 ஏக்கர் நிலத்தையும் உள்ளடக்கிய பெரும் உல்லாசப் பயணத் திட்டம் ஒன்று வரையப்பட்டது. 2009இல் போர் முடிந்ததும் அது வேகம் பெற்றது. உச்சமுனை, பத்தலங்குண்டு முதலிய தீவுகளில் தலைமுறை தலைமுறையாக வாடியடித்தும் குடியிருந்தும் தொழில் செய்த குடும்பங்கள் அந்தத் திட்டத்தின் அழகிய படங்களில் இடம்பெறவில்லை. மீனவர் அமைப்புகள் குரல் எழுப்பின. மக்கள் வீதிக்கு வந்தார்கள். திட்டத்தின் பெரும்பகுதி கடதாசியிலேயே நின்றுவிட்டது. ஆயினும் அந்த அச்சத்தில் எத்தனையோ துண்டு நிலங்கள் கைமாறிவிட்டன.

கிழக்கே பாணமையில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். 2010 ஜூலையில் அங்கிருந்த சிங்கள விவசாய, மீனவக் குடும்பங்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டன. அவர்கள் பயிர் செய்த கடலோர நிலத்தில் படைமுகாமும், பின்னர் கடற்படை நடத்தும் உல்லாச விடுதியும் எழுந்தன. 2015 பெப்ரவரியில் அமைச்சரவை அக்காணியின் பெரும்பகுதியை மக்களிடம் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்த பின்னரும், அதை நடைமுறைப்படுத்தக் கோரி மக்கள் போராட வேண்டியிருந்தது. இதில் இனம், மதம், மொழி என்ற பேதம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடலோரம் விலையேறும்போது உறுதி இல்லாத ஏழை எவரும் இடைஞ்சலாகவே தெரிவார்.

ஒரு பழைய குத்தகை

கடலையும் குத்தகைக்கு விட முடியுமா என்று கேட்பவர்களுக்கு எமது கரையின் வரலாறே பதில் சொல்கிறது. கடலடிப் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்று அழைப்பது எமது மக்களின் பழைய வழக்கு. பெரியபார், செவல்பார் என்பன முத்துச் சிப்பி விளைந்த இடங்கள். 1900களின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்தபோது, ஓலைக் குடிசைகளால் ஒரு நகரமே எழுந்தது. தமிழகத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் வந்தார்கள். மூச்சை அடக்கிக் கல்லைக் கட்டி இறங்கினார்கள். இன்று சுவாசக் குழாயுடன் விளையாட்டாகப் பார்க்கும் அதே கடலடியை அவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பார்த்தார்கள்.

அந்த இலாபத்தைக் கண்ட குடியேற்ற அரசு, 1906இல் முத்துப்பார்கள் முழுவதையும் ஆங்கிலேயக் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபா. 1907க்குப் பின்னர் பல ஆண்டுகள் சிப்பியே விளையவில்லை. குத்தகைக் காலம் முடியும் முன்னரே கம்பனி கலைக்கப்பட்டது. பங்காளிகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். கரையில் எஞ்சியது சிப்பி ஓட்டுக் குவியல்தான். இயற்கையின் கொடையைக் கணக்குப் புத்தகத்தின் அவசரத்துக்கு இசைய வைக்க முடியாது. ஓங்கில் கூட்டத்தை நான்கு பக்கமும் வள்ளங்களால் சுற்றி வளைத்து விரட்டும்போது எமக்கு அந்தக் கம்பனியின் கதைதான் நினைவுக்கு வந்தது.

மணலும் தண்ணீரும்

விவசாயிகளாகிய உங்களுக்கு இன்னொரு விடயம் முக்கியமானது. கற்பிட்டிக் குடாநாடு முழுவதும் மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இடையில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, பாரமான உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. இதன் மறுபக்கத்தையும் யோசியுங்கள். மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். அளவுமீறி நீர் இறைத்த கிணறு உவராவது இதனால்தான். உவரான கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரி காத்திருக்க வேண்டும்.

ஒரு விடுதிக்கு நீச்சல்குளமும், உப்புக் கழுவும் குளிப்பறைகளும், பூந்தோட்டமும் வேண்டும். அதற்கான தண்ணீரும் எமது வெங்காயப் பாத்திக்கான தண்ணீரும் ஒரே வில்லையிலிருந்துதான் வருகின்றன. அதன் கழிவுநீரும் அதே மணலுக்குள்தான் இறங்குகிறது. எமது பக்கத்தையும் மறைக்க வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய உரத்தினால் இந்தக் குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே தண்ணீரைக் காப்பது இரு தரப்பின் கடமை. ஆனால் மின்மோட்டரின் வலு உள்ளவனுக்கே தண்ணீர் என்ற நிலை வந்தால், தோற்பவன் சின்ன விவசாயியே.

பாதை இல்லாத இடத்தில் ஜீப் ஓட்டுவதும் அப்படித்தான். வில்பத்துக்குள் பாதையை விட்டு விலகி ஓட்டக்கூடாது என்ற சட்டம் இருக்கிறது. வெளியே கடற்கரை மணற்குன்றுகளில் அந்தக் கட்டுப்பாட்டைக் காண்பது அரிது. குன்றைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் அதுபோன்ற படர்கொடிகளும்தான். சக்கரம் அதைக் கிழித்தால் மணல் பறக்கும். பறக்கும் மணல் உங்கள் பாத்தியில்தான் வந்து விழும்.

பிழைப்பைத் தடுக்கலாமா?

"ஃபாதர், வேலை தருகிறவனையும் விரட்டச் சொல்கிறீர்களா?" என்று எமது கூட்டமொன்றில் ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. காணியற்ற குடும்பத்தின் பிள்ளை வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்கு முதுகு வளைப்பதைவிட, வள்ளத்தின் சுக்கான் பிடிப்பதும் ஜீப் ஓட்டுவதும் மேல் என்று நினைத்தால் அதில் தவறில்லை. விரட்டச் சொல்லவில்லை, கணக்குப் பார்க்கச் சொல்கிறோம்.

முதற்கணக்கு: பயணி கொடுக்கும் பணம் எத்தனை கை மாறி வருகிறது? வெளிநாட்டு முகவர், கொழும்புக் கம்பனி, விடுதி முதலாளி, வண்டி உரிமையாளர் என்று ஒவ்வொருவரும் எடுத்தபின் மிஞ்சுவதே வள்ளத்தில் நிற்கும் பிள்ளைக்கு வருகிறது. வள்ளமும் எமதாக, பேச்சும் எமதாக இருந்தால் இந்த வரிசை குறுகும்.

இரண்டாம் கணக்கு: இந்த வருமானம் நிலையானதா? 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் விடுதிகள் வெறிச்சோடின. 2020 மார்ச்சில் கொரோனாவினால் நாட்டின் வாசலே மூடப்பட்டது. 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. தலைதூக்கும் நேரத்தில் 2022இல் எரிபொருள் இல்லாமல் வள்ளமும் ஜீப்பும் கரையில் நின்றன. 2024இல் மீண்டும் 20 இலட்சம் தாண்டியது. இப்படி ஏறி இறங்கும் ஒன்றை நம்பி நிலத்தை விற்றவர், அடுத்த இறக்கத்தில் எதை உண்பார்? ஊடுபயிரை நம்பித் தென்னையைத் தறிக்கும் உழவன் உண்டா? உல்லாசப் பயணத் தொழிலை ஊடுபயிராக வையுங்கள். நிலமும் கடலும்தான் எமது தென்னை.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. தாய்லாந்தின் மாயா குடாவுக்கு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து முருகைக்கற்கள் சிதைந்ததால், 2018இல் அரசு அதை மூடியது. 2022இல்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தது. முருகைக்கற்களைக் கெடுக்கும் இரசாயனம் கலந்த வெயிற்பூச்சுகளின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2021 முதல் தடுத்தது. மாலைதீவில் 1972இல் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், மக்கள் வாழாத தீவுகளில் மட்டுமே விடுதிகள் அமைக்கப்பட்டன. சாதாரண மீனவக் குடும்பம் அந்தப் பணத்தை எட்டி நின்று பார்த்தது. 2009க்குப் பின்னர் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் அமைக்க வழி திறந்தபோது, நூற்றுக்கணக்கான சிறிய இல்லங்கள் எழுந்தன. மக்களைத் தள்ளிவைக்காமலே இந்தத் தொழிலை நடத்தலாம் என்பதற்கு இது சான்று.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, நிலமும் பாதையும் கிணறும் விற்பனைக்கு இல்லை என்று ஊர் கூடித் தீர்மானியுங்கள். கடற்கரை அரசுக்குரியது, 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அதற்காகவே வந்தது. விடுதிக்காரர் காணிக்கு வேலி போடலாம். கடலுக்கு இறங்கும் பொதுப் பாதைக்கு வேலி போட முடியாது. வேலி வந்தால் அன்றே பிரதேச செயலாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள். கரைவலைப் பாடுகளின் பதிவைப் புதுப்பித்து வையுங்கள்.

இரண்டாவது, உங்களிடமுள்ள உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலைச் சான்றிதழ், பங்கீட்டு அட்டை எதுவானாலும் பிரதி எடுத்து ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஊரை விட்டு வந்தவர்கள் தம் பழைய ஊரின் படத்தை நினைவிலிருந்து வரையட்டும்: எந்த வயல் யாருடையது, எந்தக் கிணறு எங்கே, பள்ளிவாசல் எது, கோவில் எது, மையவாடி எது, சேமக்காலை எது. வயோதிபர்கள் இருக்கும்போதே இது நடக்க வேண்டும்.

மூன்றாவது, எமது பிள்ளைகள் கூலிக்கு நிற்பவர்களாக மட்டும் இருக்கக் கூடாது. நீச்சல், உயிர்காப்பு, முதலுதவி, ஆங்கிலம் ஆகியவற்றைக் கற்று, உல்லாசப் பயண அதிகாரசபையின் வழிகாட்டி அனுமதியைப் பெற வேண்டும். சங்கமாகச் சேர்ந்து வள்ளம் வைத்திருக்க வேண்டும். தனித்தனியாக விலை குறைத்துப் போட்டியிட்டால் வாழ்வது முகவர்தான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பதை நாம் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமென்பதில்லை.

நான்காவது, அந்தச் சங்கம் தனக்கென ஒழுங்குகளை வகுக்கட்டும். முருகைக்கல்லின் மேல் நங்கூரம் இடுவதில்லை. எவரையும் கல்லில் கால் ஊன்ற விடுவதில்லை. ஓங்கில்களைத் துரத்துவதில்லை. கரைவலை வளைத்திருக்கும் நேரத்தில் குறுக்கே ஓடுவதில்லை. மணற்குன்றில் ஜீப் ஏற்றுவதில்லை. இவற்றைப் பயணிக்கு முதலிலேயே சொன்னால் அவர் மதிப்பார். விதி இல்லாத இடத்தில்தான் அவர் அலட்சியமாக நடக்கிறார்.

இறுதியாக, எமது வழிகாட்டிகள் ஊரின் கதையைச் சொல்ல வேண்டும். மரிச்சுக்கட்டியில் முத்துக்குளித்த கதை, 1990இல் இந்தக் கரையில் வள்ளங்கள் வந்து ஒதுங்கிய கதை, மணலில் வெங்காயம் விளைவித்த கதை, தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு எல்லா இனத்தவரும் வந்து கூடும் கதை. அழகிய மீனைப் பார்க்க வந்தவர் அந்த மீனோடு வாழும் மனிதரையும் பார்த்துவிட்டுப் போகட்டும். பார்த்தவர் நாளை ஒரு விடுதிக்கு முதலீடு செய்பவராக இருக்கலாம், ஒரு பத்திரிகையில் எழுதுபவராக இருக்கலாம், ஒரு கோப்பில் ஒப்பமிடும் அதிகாரியாகவும் இருக்கலாம். இங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருப்பது எமக்குப் பாதுகாப்பு.

அடுத்த பருவம் தொடங்குவதற்கு இன்னும் சில மாதங்கள் உள்ளன. அதற்குள் ஒவ்வொரு குடியேற்றத்திலும், ஒவ்வொரு மீனவர் சங்கத்திலும் ஒரு மாலை நேரமாவது கூடி உட்காருங்கள். பெண்கள் அந்தக் கூட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்; கிணற்றைப் பற்றி அவர்களைவிட அறிந்தவர் எவருமில்லை. ஒரு பெரிய தாளை விரித்து வையுங்கள். வீடுகளையும் பாதைகளையும் பாடுகளையும் கிணறுகளையும் அதில் குறியுங்கள். ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். மற்றப் பிரதியை உங்கள் ஊர்ப் பிள்ளை ஓட்டும் ஜீப்பிலும் வள்ளத்திலும் வைத்திருக்கச் செய்யுங்கள்.